அம்மா, எந்தப் புரட்சி ஜெயிச்சுது?

பாரிஸ் புறநகரில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் என் மகளுக்கு ஹோம்வொர்க் ஞாபகம் வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நல்லவேளை, இந்தத் தடவை இரண்டு வாரம் டயம் இருந்தது.

அவளுக்குப் பதிமூன்று வயது. இங்கே அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சி முக்கியமான சரித்திரப் பாடம். "இரண்டு புரட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் வந்தது, எப்படி முடிந்தது என்று ஒப்பிட்டு வகுப்பில் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

அவள் எழுதி வைத்திருந்தது நாலே வரி. ராஜா கெட்டவர். ரொட்டி விலை ஏறியது. மக்கள் கோபப்பட்டார்கள். சுதந்திரம் வந்தது.

"ரஷ்யாவுக்கும் இதையே எழுதிடலாம்மா. பேரை மட்டும் மாத்தினா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவளை விட எனக்கு மட்டும் அதிகமாக என்ன தெரியும்?

நான் புதுச்சேரிப் பெண். தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஜூலை 13 சாயங்காலம் பழைய சொல்தாக்கள் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் காலையில் தாத்தா கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்புவார். சின்ன வயசில் எனக்குப் புரட்சி என்றால் விளக்கு, மெடல், இரண்டு கொடி, கடற்காற்று. ஜூலை 14-க்கு அடுத்த நாள் என்ன ஆச்சு என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

அதனால் இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே படிப்பது என்று முடிவு செய்தோம்.

கடனும் ரொட்டியும்

முதலில் காரணங்கள். இங்கே என் மகள் எழுதியது பாதி சரி.

பிரான்ஸில் எல்லாம் கஜானாவில்தான் ஆரம்பித்தது. அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டபோது பிரெஞ்சு அரசு கடன் வாங்கி அவர்களுக்கு உதவியது. 1788-ல் அரசுச் செலவில் ஏறக்குறைய பாதி, பழைய கடனைக் கட்டவே போனது. வரி போட்டுச் சமாளிக்கலாம் என்றால், முக்கியமான நேரடி வரியிலிருந்து பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் விலக்கு. சுமை முழுக்கக் குடியானவன் தலையில். அதே வருஷம் ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. பின்னாலேயே கடுங்குளிர். 1789 கோடையில் ஒரு கூலிக்காரர் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போனது.

வேறு வழியில்லாமல் 16-ஆம் லூயி மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினார். அது கடைசியாகக் கூடியது 1614-ல். 175 வருஷம் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று "உங்கள் குறைகளை எழுதி அனுப்புங்கள்" என்றால்? ஊர் ஊராகக் குறைகளை எழுதிக் குவித்தார்கள்.

ரஷ்யாவிலும் இதே கதைதான். முதல் உலகப் போரின் மூன்றாவது குளிர்காலம். பெட்ரோகிராடில் ரொட்டிக்கடை வாசலில் நீண்ட வரிசை. 1917 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரே வாரத்தில் ஜார் பதவியை விட்டு இறங்கினார்.

"பாத்தியா, நான் சொன்ன மாதிரிதானே?" என்றாள் மகள்.

துப்பாக்கி எந்தப் பக்கம்?

அப்போது எனக்கு ஒரு சந்தேகம். கஜானா காலியாகி, விலை ஏறி, ஜனங்கள் கோபப்பட்டால் ராஜா போய்விடுவார் என்றால், உலகத்தில் ஒரு ராஜாகூட மிஞ்சியிருக்க மாட்டாரே?

பதில் ரஷ்யாவிலேயே இருந்தது. அதே ஜாருக்கு எதிராக 1905-லும் மக்கள் எழுந்தார்கள். அந்த ஜனவரியில் மனு கொடுக்க வந்த நிராயுதபாணிகளைப் படை சுட்டது. வருஷம் முழுக்க வேலைநிறுத்தம். நாடே ஸ்தம்பித்தது. ஆனாலும் ஜார் தப்பித்தார். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கலகம் நடந்தாலும், பெரும்பாலான படை அவர் சொல்லைக் கேட்டதுதான் காரணம். 1917-ல் பெட்ரோகிராடில் இருந்த சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட மறுத்து, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அதோடு கதை முடிந்தது.

பாரிஸிலும் அப்படியே. பாஸ்டீல் சிறையில் அன்றைக்கு இருந்தவர்கள் ஏழே ஏழு கைதிகள். கூட்டம் போனது முக்கியமாக அங்கே இருந்த வெடிமருந்துக்காக. அந்தக் கோட்டை விழுந்ததற்கு, ராஜாவின் சொந்தக் காவல்படை வீரர்கள் பீரங்கியோடு மக்கள் பக்கம் வந்து நின்றது ஒரு பெரிய காரணம்.

என் மகள் தன் நாலு வரிக்கு நடுவில் ஐந்தாவதாக ஒன்றைச் செருகினாள்: "சிப்பாய் சுட மாட்டேன் என்று சொன்னான்."

மேல்மாடிப் பாட்டியின் ஏப்ரல்

எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் போர்த்துகல்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். என் மகளைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். லிஃப்டில் பார்த்தபோது இவள் ஹோம்வொர்க் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்.

போர்த்துகலில் 1926-லிருந்து 48 வருஷம் சர்வாதிகாரம். சலசார், அவருக்குப் பின் கயெத்தானோ. ரகசியப் போலீஸ், பேப்பருக்குத் தணிக்கை, ஏழ்மை. 1961-லிருந்து அங்கோலா, கினி, மொசாம்பிக் என்று ஒவ்வொன்றாக ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விடுதலைப் போர் மூண்டது. பையன்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போருக்கு அனுப்பினார்கள். தப்பிக்க நினைத்தவர்கள் காகிதம் இல்லாமல், மலை தாண்டி நடந்தே பிரான்ஸுக்கு வந்தார்கள். பாட்டியின் கணவர் அப்படி வந்தவர்.

1974 ஏப்ரல் 25 அதிகாலை. வானொலியில் தடை செய்யப்பட்டிருந்த பாடகர் ஒருவரின் பாட்டு ஒலித்தது. அதுதான் சிக்னல். போரில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் படையோடு லிஸ்பனுக்குள் வந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஜனங்கள் கேட்கவில்லை, தெருவுக்கு வந்து சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகினார்கள். சாயங்காலத்துக்குள் கயெத்தானோ சரணடைந்தார். ரகசியப் போலீஸ் தங்கள் கட்டிடத்திலிருந்து சுட்டதில் நாலு பேர் செத்தார்கள்.

"ரத்தமே சிந்தாத புரட்சின்னு எழுதிக்கட்டுமா பாட்டி?" என்று இவள் கேட்டாள்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் அங்கோலாவுக்குப் போனவன், திரும்பி வரல. பூ வெச்சது ஒரு நாள். அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் ரத்தம். ஆப்பிரிக்காக்காரங்க ரத்தம் எங்களோடதை விட ரொம்ப ரொம்ப அதிகம்."

அந்த வாக்கியத்தை என் மகள் அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் கையெழுத்து அவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை.

புரட்சி செய்த அந்த அதிகாரிகள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள், ஒரு வருஷத்துக்குள் தேர்தல் என்று. நடுவில் என்னென்னவோ நடந்தது. ஆட்சிகள் மாறின, கவிழ்ப்பு முயற்சிகள் நடந்தன. ஆனாலும் சரியாக அடுத்த ஏப்ரல் 25 அன்று தேர்தல் நடந்தது. 91 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். 1976-ல் புது அரசியல் சட்டம் வந்தது. தோற்ற கட்சிகள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தன, யாரையும் தூக்கில் போடவில்லை.

ஆபீஸ் தோழியின் மார்ச்

என்னோடு வேலை பார்க்கும் ஈரானியப் பெண்மணி அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "என் கதையையும் உன் பொண்ணுக்குச் சொல்லு" என்றார்.

1978-ல் அவருக்குப் பதினேழு வயது. அம்மாவோடு ஷாவுக்கு எதிரான ஊர்வலங்களில் போனார். ஈரானின் கஜானா காலி இல்லை. 1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறிப் பணம் கொட்டியது. ஆனால் விலைவாசியும் கூடவே ஏறியது. கிராமத்து ஜனம் டெஹ்ரான் ஓரத்தில் குடிசை போட்டது. ரகசியப் போலீசுக்குப் பயந்து யாரும் வாய் திறக்க முடியாது. 1975-ல் ஷா எல்லாக் கட்சிகளையும் கலைத்து ஒரே கட்சி ஆக்கினார். அதற்கும் முன்னால் 1953-ல், எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய பிரதமர் மொசாதேக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்து ஷாவைப் பலப்படுத்திய காயம் ஆறவே இல்லை.

எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டுப் போனார். பாரிஸுக்கு மேற்கே நோஃப்ல்-லெ-ஷாத்தோ என்ற சின்ன ஊரில் தங்கியிருந்த கொமேனி பிப்ரவரி 1 அன்று டெஹ்ரானில் போய் இறங்கினார். பிப்ரவரி 11 அன்று ராணுவம், நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவித்தது. இங்கேயும் சிப்பாய்தான்.

"அன்னிக்கு ராத்திரி நாங்க தெருவுல ஆடினோம்" என்றார் தோழி. "இடதுசாரி, மதவாதி, மாணவன், கடைக்காரன், எல்லாரும்."

நாலு வாரம் கூட ஆகவில்லை. மார்ச் 8, பெண்கள் தினம். தலையை மூட வேண்டும் என்ற பேச்சு வந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் டெஹ்ரான் தெருக்களில் எதிர்த்து நடந்தார்கள். தோழியும் அவர் அம்மாவும் அதிலும் போனார்கள். இந்தத் தடவை கூட நடக்க ஆள் குறைவு, திட்ட ஆள் அதிகம். மாதக் கடைசியில் வாக்கெடுப்பு. ஒரே கேள்வி: இஸ்லாமியக் குடியரசு, ஆமாவா இல்லையா? 98 சதவீதத்துக்கு மேல் ஆமா.

"ஷா போகணுமான்னு எங்களைக் கேட்டாங்க, நாங்க பதில் சொன்னோம். அடுத்து என்ன வேணும்னு எங்க யாரும் கேட்டாங்க?"

1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. எட்டு வருஷப் போர். போர் நடக்கும்போது கேள்வி கேட்பவன் துரோகி ஆகிவிடுவான் இல்லையா? தோழியும் அம்மாவும் 1984-ல் துருக்கி வழியாக வெளியேறினார்கள்.

மறுநாள் காலை

இரண்டாவது ஞாயிறு, சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய தாளை விரித்துக் கட்டம் போட்டோம். மேலே பிரான்ஸ், ரஷ்யா, போர்த்துகல், ஈரான். காரணங்கள் வரிசையை நிரப்பினால், நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. விலைவாசி, அடக்குமுறை, யாரையும் கேட்காத ஆட்சி, சுட மறுத்த சிப்பாய். ஆனால் முடிவு வரிசையில் நாலும் நாலு திசை.

அப்படியென்றால் காரணம் முடிவைத் தீர்மானிப்பதில்லை. வேறு எது? அதற்கு மூன்று கேள்விகள் எங்களுக்குக் கிடைத்தன.

முதல் கேள்வி, மறுநாள் காலையில் தயாராக இருந்தது யார்? ஈரானில் கட்சிகளை ஷாவே அழித்துவிட்டார். ஊர் ஊராக ஆள், இடம், பணம் எல்லாம் மிச்சமிருந்தது பள்ளிவாசல்களிடம்தான். ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் கட்டுக்கோப்பான கட்சி. எதிராளியை மொத்தமாக ஒழித்துவிட்ட ஆட்சி, தன் இடத்துக்கு வரப்போகிறவனையும் தானே தேர்ந்தெடுத்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது, போர் முடிந்ததா, மூண்டதா? போர்த்துகலில் புரட்சியே போரை நிறுத்தத்தான். பிரான்ஸில் 1789 ஆகஸ்டிலேயே மனித உரிமைப் பிரகடனம் வந்துவிட்டது. 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர். அதற்குப் பிறகுதான் ராஜாவின் தலை போனது, பயங்கர ஆட்சி வந்தது. தண்டனை விதித்துக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். கடைசியில் ரோபெஸ்பியர் தலையும் போனது. ரஷ்யாவில் ஜாருக்குப் பின் வந்த தற்காலிக அரசு போரை நிறுத்தாமல் தொடர்ந்தது. எட்டு மாதத்தில் அதுவும் கவிழ்ந்தது.

மூன்றாவது, எவ்வளவு சீக்கிரம் ஓட்டு, அந்த ஓட்டை மதித்தார்களா? ரஷ்யாவில் 1917 நவம்பரில் தேர்தல் நடந்தது. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது கால்பங்கு ஓட்டுதான். 1918 ஜனவரியில் அந்தச் சபை கூடியது, ஒரே ஒரு கூட்டத்தோடு கலைக்கப்பட்டது. பின்னாலேயே உள்நாட்டுப் போர்.

இந்த மூன்று கேள்விக்கும் போர்த்துகல்தான் நல்ல மார்க் வாங்குகிறது. ஆனால் பாட்டி சொன்னதை மறக்கக் கூடாதே. போர்த்துகல் விட்டுவிட்டுப் போன அங்கோலாவில் 1975-ல் உள்நாட்டுப் போர் தொடங்கி, 2002 வரை ஓடியது. லிஸ்பனில் பூ, லுவாண்டாவில் குண்டு. ஒரு புரட்சியின் கணக்கை அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

நம்ம வீட்டுக்கு எப்போ வந்துச்சு?

"அப்போ பிரான்ஸ் ஜெயிச்சுதா தோத்துதா?" என்றாள் மகள்.

நான் ஒரு கோடு போட்டு வருஷங்களை எழுதச் சொன்னேன். 1794-ல் கேட்டால், கில்லட்டின். 1804-ல் கேட்டால், ஒரு ராஜாவைத் துரத்திவிட்டு நெப்போலியன் என்று ஒரு சக்கரவர்த்தி. 1815-ல் கேட்டால், பழைய ராஜாவின் தம்பி திரும்பவும் சிம்மாசனத்தில். இன்னும் இரண்டு புரட்சிகளுக்குப் பிறகு, 1870-க்கு அப்புறம்தான் குடியரசு நிலைத்தது.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். பெண்களுக்கும் அதே உரிமைகள் வேண்டும் என்று 1791-ல் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் இரண்டு வருஷம் கழித்து கில்லட்டினில் செத்தார். இங்கே பெண்கள் முதல்முறை ஓட்டுப் போட்டது 1945-ல். ஹைத்தியில் அடிமைகள் தாங்களே எழுந்து போராடி 1804-ல் சுதந்திர நாடு அமைத்தார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலை நிறுத்தி, உங்களை அங்கீகரிக்க 15 கோடி ஃபிராங்க் கொடுங்கள் என்றது. நஷ்டஈடு, அடிமைப்பட்டவர்களுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு!

"நம்ம வீட்டுக்கு எப்போ வந்துச்சு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் குடும்பம் ரெனோன்சான் குடும்பம். 1881-ல் ஒரு அரசாணை வந்தது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படிக் கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார் தாத்தாவின் தாத்தா. எல்லோரும் சமம் என்று பாரிஸில் எழுதியது 1789-ல். அது எங்கள் வாசலுக்கு வர 92 வருஷம், அதுவும் ஒரு நிபந்தனையோடு. நானும் அவளும் இன்றைக்கு இந்த நாட்டில் உட்கார்ந்து இதைப் பேசுவது அந்தக் கையெழுத்தால்தான். தாத்தாவின் மெடலுக்குப் பின்னால் இவ்வளவு இருந்ததை நான் இப்போதுதான் பார்த்தேன்.

வகுப்பில் அவள் பிரான்ஸையும் போர்த்துகலையும் எடுத்துக்கொண்டு பேசினாள். கடைசியில் டீச்சர் கேட்டாராம், இரண்டில் எது வெற்றி பெற்றது என்று. இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்: "எந்த வருஷத்துல கேக்கறீங்க, யார் கேக்கறாங்க?" டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்ததாம். மார்க் என்னவோ இருபதுக்குப் பதினாறுதான். பத்து நிமிஷத்தைத் தாண்டிப் பேசிவிட்டாளாம்.

மறுநாள் ஆபீஸில் தோழியிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். 2022 இலையுதிர் காலம். மாஷா அமினி செத்த பிறகு பாரிஸில் நடந்த ஊர்வலத்தில் அவர் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நரைத்த தலை, திறந்த தலை.

"1979 மார்ச்சுல நடந்தேனே, அதே ஊர்வலம்தான் இது" என்றார். "இன்னும் முடியல. உன் பொண்ணுகிட்ட சொல்லு, என் நாட்டுக்கு மார்க் போட வேண்டாம், கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

சொன்னேன். அவள் அந்தப் பெரிய தாளை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஈரானுக்குக் கீழே முடிவு என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.